றஜனி கழற்றாத ஒன்பதாம் பக்கம்

றஜனியைப் பற்றிச் சொல்ல வந்தால் முதலில் ஊரார் விடுகிற ஒரு பிழையைத் திருத்திவிட வேண்டும். அவள் புருஷனை விட்டவள் இல்லை. புருஷன் அவளை விட்டவனும் இல்லை. பருத்தித்துறையில் நீதிமன்றத்துக்குப் போகிற தெருவில், ஒரு போட்டோக்கொப்பி இயந்திரமும் ஒரு கணினியும் மூன்று பிளாஸ்ரிக் கதிரைகளும் கொண்ட சின்னக் கடையொன்றில் பதினைந்து வருஷமாக அவள் இருக்கிறாள். விவாகரத்துக் கடதாசி தேடி அலைகிறவர்கள் கடைசியில் வந்து சேருகிற இடம் அதுதான். அதனால் அவளும் அந்த வழியால் வந்தவள்தான் என்று பாதிச் சனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது.

மற்றப் பாதிச் சனத்துக்கு மத்தியானம் பன்னிரண்டரைக்கு வரும் சாப்பாட்டுக் கரியரைத் தெரியும். அதைச் சைக்கிளில் கொண்டுவருகிற செல்வநாயகம் அவளுடைய சொந்தப் புருஷன். முன்பு கடலுக்குப் போனவர். முதுகு பழுதான பிறகு கரையில் இருந்து படகு எஞ்சின்கள் திருத்துகிறார். வீட்டில் சமையலும் அவர்தான்.

“உம்மடை கடையாலை என்ரை மானம் போகுது,” என்பார். “நேற்றும் ஒருத்தர் கேட்டவர், மனுசி உங்களை எப்ப விட்டவ எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“இண்டைக்குக் குழம்பு சரிவராட்டி நாளைக்கு விடுவா எண்டு சொன்னன்.”

றஜனி சட்டம் படித்தவள் அல்ல. பருத்தித்துறைக் கரையோரத்தில் பிறந்து, பத்தாம் வகுப்போடு நிறுத்தி, தட்டச்சுப் பழகி, ஒரு சட்டத்தரணியிடம் பதினொரு வருஷம் வேலை செய்தவள். அவர் காலமானதும் அவருடைய தட்டச்சு இயந்திரத்தையும் இரும்பு அலுமாரியையும் வாங்கிக் கடையைத் திறந்தாள். வழக்குப் பேசமாட்டாள், புத்திமதி சொல்லமாட்டாள், “அதுக்கு அப்புக்காத்துமார் இருக்கினம்,” என்று சட்டத்தரணிகளிடம் அனுப்பிவிடுவாள். அவள் செய்வது ஒன்றுதான். எந்தக் கடதாசி எந்தக் கந்தோரில் கிடக்கிறது, அதை எப்படிக் கேட்டு எழுதினால் தருவார்கள் என்பதை அறிந்து, கேட்டு எழுதிக் கொடுப்பாள்.

கேட்கச் சின்ன விஷயம்போலத்தான் இருக்கும். ஆனால் எங்கள் ஆட்கள் இதில் படுகிற பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விவாகரத்துப் பதிவைத் தேடி மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குப் போவார்கள். அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கு, அங்கிருந்து கிராம சேவகரிடம், அவரிடமிருந்து கோயில் தர்மகர்த்தாவிடம்கூடப் போய் வந்த ஒருவரை எனக்குத் தெரியும். கலியாணம் கட்டின பதிவு பதிவாளர் கந்தோரில் இருக்கும். பிரிந்த பதிவு நீதிமன்றத்தில் இருக்கும். இந்த ஒரு வரியை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அரைவாசிச் சனத்துக்குச் செருப்புத் தேய்ந்திராது. றஜனி அதைத்தான் சொல்வாள். சொல்லிவிட்டு மேசையில் இருக்கிற நீல மட்டைக் கொப்பியைத் திறப்பாள். எந்த அலுவலகத்தில் எந்தக் கிழமை போனால் ஆள் இருப்பார், எந்தப் படிவம், எத்தனை பிரதி, உறையில் முத்திரை ஒட்ட வேண்டுமா இல்லையா என்று எல்லாம் அவளுடைய உருண்டை எழுத்தில் அதில் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நீதிமன்றத்திலிருந்து வரும் சான்றுப்படுத்திய பிரதியை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்காமல் உரியவர் கையில் கொடுக்கமாட்டாள். கடை திறந்த முதல் வருஷம் ஒரு பெண்ணுக்கு எடுத்துக் கொடுத்த பிரதியில் கடைசிப் பக்கத்தில் முத்திரை விழவில்லை. அந்தப் பெண் கொழும்புக்குப் போய், தூதரக வாசலில் நின்று திரும்பி வந்து, இதே கதிரையில் இருந்து அழுதாள். அதன் பிறகு ஒவ்வொரு பக்கமும் றஜனியின் கண்ணுக்குக் கீழே போய்த்தான் வெளியே போகும். அந்தப் பழக்கந்தான் போன வருஷம் அவளைப் பெரிய இக்கட்டில் கொண்டுபோய் விட்டது.

ஆனி மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற பஸ்ஸில் நீர்வேலியிலிருந்து இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருத்தி தர்சிகா, முப்பத்தாறு வயது, முன்பள்ளி ஆசிரியை. மற்றவர் அவளுடைய தகப்பன் நமசிவாயம், வாழைத் தோட்டக்காரர். வேட்டி, மடித்த குடை, வெயிலில் கறுத்த முகம். அவர் கதிரையில் இருந்து கொண்டு வாசலைப் பார்த்தார். கதைத்ததெல்லாம் மகள்தான்.

“அக்கா, நான் கலியாணம் கட்டினவளோ கட்டாதவளோ எண்டு எனக்கே தெரியேல்லை. அதைத்தான் அறிய வந்தனான்.”

றஜனி விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டாள். “ஆறுதலாச் சொல்லுங்கோ, பிள்ளை.”

நடந்தது இதுதான். இரண்டாயிரத்துப் பதினொன்றில் தர்சிகாவுக்கு இருபத்திரண்டு வயது. கனடாவிலிருந்து அருட்செல்வன் என்றொரு மாப்பிள்ளை வந்தார். நெல்லியடிப் பக்கத்து ஆள். விசாவுக்குக் கடதாசி வேண்டும் என்பதற்காக முதலில் எழுத்தை முடித்தார்கள். எங்கள் பக்கத்தில் பதிவுத் திருமணத்துக்கு எழுத்து என்றுதான் பெயர். பதிவாளர் வீட்டுக்கு வந்தார், இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள், பாயாசத்தோடு சாப்பாடு, பத்தாம் நாள் மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டார். தாலிகட்டை வாற வருஷம் பெரிதாகச் செய்யலாம் என்றார்கள். வாற வருஷம் வந்தது, மாப்பிள்ளை வரவில்லை. அவருக்கு மனம் மாறிவிட்டது என்று செய்தி மட்டும் வந்தது.

இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் நீர்வேலி வீட்டில் கூடி இருந்தார்கள். மோதிரம் திரும்பிப் போனது, கூறைக்கென்று எடுத்த சேலை திரும்பிப் போனது. எழுத்துக் கடதாசியை எல்லாருக்கும் முன்னால் கிழித்து எரித்தார்கள். வெட்டியாச்சு என்று சொல்லி, தேத்தண்ணி குடித்து, எழும்பிப் போனார்கள். தாலி ஏறவில்லை, ஆகையால் கலியாணம் நடக்கவில்லை என்பது எங்கள் ஆட்களின் தீர்ப்பு. படித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். சட்டம் தாலியைக் கேட்பதில்லை, கையெழுத்தைத்தான் கேட்கும். அவர்கள் எரித்தது ஒரு பிரதி. மூலம் கந்தோர்ப் புத்தகத்தில் சுகமாக இருந்தது.

“ஏழு வருசத்துக்கு முந்தி ஒரு சம்பந்தம் வந்தது, அக்கா,” என்றாள் தர்சிகா. “நான் மறைக்கேல்லை, சொன்னனான். விவாகரத்துக் கடதாசி எங்கை எண்டு கேட்டவை. இல்லை எண்டன். விட்டிட்டுப் போட்டினம். இப்ப அளவெட்டியிலை ஒருத்தர். நிருஷன் எண்டு பேர். உழவு மெசின் சாமான் கடை வைச்சிருக்கிறார். அவருக்கும் சொன்னனான். கடதாசியை எடுப்பம், எடுத்தாப் பிறகு ஒரு பயமும் இல்லை எண்டவர். ஆவணியிலை நாள் வைச்சிருக்கு. ஆனா அவரின்ரை அம்மா அதுக்கு மேலை பொறுக்கமாட்டா.”

“வெளிநாட்டிலை இருக்கிறவர் வழக்குப் போட்டு வெட்டியிருந்தால் கடதாசி இருக்கும்,” என்றாள் றஜனி.

“போடாட்டி?”

“போடாட்டி நீங்கள்தான் இப்ப போடவேணும். கனடாவுக்கு அழைப்பாணை போய் வாறதுக்கே எத்தினை மாசமோ தெரியாது.”

தர்சிகா தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் நமசிவாயம் முதல்முறை வாய் திறந்தார்.

“ஏன் பிள்ளை உந்தக் கரைச்சல் எல்லாம்? விவாகமாகாதவ எண்டு எழுதிவிட்டால் ஆருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும், அப்பா,” என்றாள் மகள்.

“அரசாங்கத்துக்கும் தெரியும், ஐயா,” என்றாள் றஜனி. “நாளைக்கு ஆராவது அந்த எழுத்தின்ரை பிரதி ஒண்டை எடுத்துக் காட்டினால் இவ கட்டப்போற கலியாணம் செல்லாமல் போடும். வழக்கும் வரும்.”

நமசிவாயம் திரும்பவும் வாசலைப் பார்த்தார்.

யாழ்ப்பாணத்து நீதிமன்றத்தில் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். வழக்கு இலக்கமாவது ஆண்டாவது தெரியாமல் எப்படித் தேடுவது என்று அங்கே கேட்டதில் நியாயம் இருந்தது. றஜனி பேனையைக் காதில் செருகிக்கொண்டாள். பிறகு கேட்ட கேள்வியில்தான் அவளுடைய மூளை தெரியும்.

“அந்த அருட்செல்வன் இப்ப கலியாணம் கட்டிட்டாரோ?”

“ஓம். மூண்டு பிள்ளையள்.”

“எங்கை வைச்சுக் கட்டினவர்?”

“இஞ்சை வந்துதான். நெல்லியடியிலை ஒரு மண்டபத்திலை. பேஸ்புக்கிலை படம் பாத்தனான். இரண்டாயிரத்துப் பதினைஞ்சு தை.”

றஜனி மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். “அப்ப உங்கடை விவாகரத்தை நாங்கள் தேடத் தேவையில்லை, பிள்ளை. அவரின்ரை கலியாணத்தைத் தேடுவம்.”

அவள் விளங்கப்படுத்தினாள். இங்கே கட்டியிருந்தால் எழுத்தும் இங்கேதான் நடந்திருக்கும். விவாகப் பதிவில் மாப்பிள்ளையின் நிலை என்ன என்று ஒரு கூடு இருக்கிறது: விவாகமாகாதவர், மனைவியை இழந்தவர், விவாகரத்துப் பெற்றவர், மூன்றில் ஒன்று. விவாகரத்துப் பெற்றவர் என்று இருந்தால் பதிவாளர் தீர்ப்பைப் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் வழக்கு இலக்கத்தையும் பக்கத்தில் குறித்து வைப்பார்கள். விவாகப் பதிவின் பிரதியை இன்னார்தான் கேட்கலாம் என்றில்லை, படிவம் நிரப்பிக் கொடுத்தால் தருவார்கள்.

“விவாகமாகாதவர் எண்டு இருந்தால்?” என்று தர்சிகா கேட்டாள்.

“அவர் பொய் சொல்லிக் கட்டியிருக்கிறார் எண்டு அர்த்தம். நீங்கள் இன்னும் அவரின்ரை மனுசி எண்டும் அர்த்தம்.”

இப்படி முகத்துக்கு நேரே சொல்வது றஜனியின் குணம். சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்; பூசி மெழுகிய வார்த்தையை நம்பித்தானே இந்தப் பெண் இத்தனை வருஷம் நடுத்தெருவில் நின்றாள்.

அன்றைக்கே படிவம் நிரப்பினார்கள். தர்சிகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அடிக்கடி லீவு எடுக்க முடியாது. ஆகவே கடதாசிகளைத் தன் சார்பில் எடுப்பதற்கு றஜனிக்கு ஓர் அதிகாரக் கடிதமும் எழுதிக் கொடுத்தாள். அதற்குச் சாட்சியாக நமசிவாயம் கையெழுத்து வைத்தார். முழுப் பெயரையும் ஆறுதலாக எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டின் இரண்டு முனையிலும் இரண்டு புள்ளி வைத்தார். கோயில் கணக்கில் கையெழுத்து வைக்கிற பழைய ஆட்களின் பாணி என்று றஜனி நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் பிரதி வந்தது. தர்சிகா பள்ளிக்கூடம் முடிந்து தனியே பஸ் ஏறி வந்தாள். உறையைக் கையில் வாங்கியவள் திரும்ப றஜனியிடமே நீட்டினாள்.

“நீங்கள் பாருங்கோ, அக்கா.”

றஜனி விரித்தாள். மாப்பிள்ளை பெயர், வயது, தொழில். விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். அந்தக் கூட்டில் விவாகரத்துப் பெற்றவர் என்று இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வழக்கு இலக்கம், ஆண்டு இரண்டாயிரத்துப் பதின்மூன்று. நீதிமன்றம் எது என்று பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவளுடைய கடை வாசலில் நின்றால் மதில் தெரிகிற நீதிமன்றம். மாப்பிள்ளை வீடு நெல்லியடி. வழக்குப் போட்டவர் இருக்கிற இடத்துக்குரிய நீதிமன்றத்தில்தானே போட்டிருப்பார்? பெண் வீட்டார் தங்கள் பக்கத்தில் தேடியிருக்கிறார்கள்.

“பிள்ளை, நீங்கள் ஆரின்ரை மனுசியும் இல்லை,” என்றாள்.

தர்சிகா கதிரையில் இருந்தபடி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்போது செல்வநாயகம் கரியரை எடுத்துப்போக வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் பக்கத்துக் கடையில் ஒரு தேத்தண்ணி வாங்கிவந்து அவளுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அழுது முடிந்ததும் தர்சிகா ஒன்று கேட்டாள். பதிவாளருக்குத் தேவைப்படுவது தீர்ப்பு மட்டுந்தான். முதல் தீர்ப்பும், மூன்று மாதம் கழித்து அதை உறுதியாக்கிய கடைசித் தீர்ப்பும். ஆனால் அவளுக்கு வழக்குக் கோவை முழுவதும் வேண்டும். அந்த மனுஷன் தன்னைப் பற்றி என்ன சொல்லி வெட்டினார் என்று பார்க்க வேண்டும்.

“உங்கடை வழக்கு, உங்கடை பேர். கேக்கிறதுக்கு உரிமை இருக்கு,” என்று றஜனி விண்ணப்பத்தில் முழுக் கோவையும் என்று எழுதினாள்.

ஆடி மாதம் நடுவில் நீதிமன்றத்திலிருந்து பிரதி தயாராகிவிட்டதாகச் சொன்னார்கள். றஜனி போய்க் கையெழுத்து வைத்து எடுத்து வந்தாள். பதினாறு பக்கம், மூலையில் நூல் கோத்து, முடிச்சின்மேல் முத்திரை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைப் பாதி சாத்திவிட்டு வாசிக்கத் தொடங்கினாள்.

நாலாம் பக்கத்தில் அருட்செல்வனின் முறைப்பாடு இருந்தது. எதிராளி வன்மமாகத் தன்னைக் கைவிட்டுச் சென்றார் என்று எழுதியிருந்தது. அந்த வீட்டு வாசற்படியே மிதிக்காத பெண் எங்கேயிருந்து விட்டுப் போவாள் என்று றஜனிக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று போய் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தாள். அது பிஸ்காலின் அறிக்கை. அழைப்பாணையைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நீதிமன்ற உத்தியோகத்தர் எழுதுவது. எதிராளி வீட்டில் இல்லாதபடியால் அவருடைய தகப்பனாரிடம் விளங்கப்படுத்திக் கையளிக்கப்பட்டது என்று இருந்தது. கீழே பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து. முழுப் பெயர், கீழே ஒரு கோடு, கோட்டின் இரண்டு முனையிலும் இரண்டு புள்ளி.

றஜனி அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தாள். அலுமாரியைத் திறந்து அதிகாரக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தும் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக அந்த மனுஷனுக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன் வந்த சம்பந்தக்காரர் கடதாசி எங்கே என்று கேட்டபோதும் தெரியும். போன மாதம் இந்தக் கடையில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதும் தெரியும்.

அவள் கோபத்தில் கோவையைப் படாரென்று மூடினாள். கோபம் கொஞ்சம் ஆறியதும் பயம் வந்தது. கலியாணத்துக்கு ஒரு மாதந்தான் இருக்கிறது. இதைப் பார்த்தால் அந்தப் பெண் என்ன செய்வாள்? தகப்பனோடு கதைக்காமல் மணவறைக்குப் போவாளா? கலியாணமே வேண்டாம் என்பாளா? தீர்ப்புப் பக்கங்கள் மட்டும் போதும் என்று புதிதாக ஒரு விண்ணப்பம் போட்டால் மூன்று நாளில் எடுத்துவிடலாம். இந்தக் கோவை இன்னும் வரவில்லை என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? அவள் அப்படி நினைத்தாள் என்பதை நான் மறைக்கவில்லை. நினைத்து, பிறகு போனை எடுத்து நமசிவாயத்தைக் கூப்பிட்டாள்.

“ஐயா, நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு மகள் கடதாசி எடுக்க வாறா. நீங்கள் இரண்டு மணிக்கு வாங்கோ. தனிய வாங்கோ.”

அவர் ஒரு கதலிக்குலையோடு வந்து இறங்கினார். அதை மேசையோரம் சாத்திவிட்டு, “எங்கடை தோட்டத்துக் குலை, பிள்ளை,” என்றார். றஜனி நன்றி சொல்லவில்லை. கோவையை ஒன்பதாம் பக்கத்தில் விரித்து அவருக்கு முன்னால் திருப்பி வைத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இது இஞ்சையே இருந்திருக்கு,” என்றார் கடைசியில். “நான் எரிச்சனான்.”

“என்னத்தை?”

“எனக்குத் தந்த கடதாசியை. வாழைச் சருகோடை போட்டு எரிச்சனான். எழுத்தை எரிச்ச மாதிரி அதையும் எரிச்சால் முடிஞ்சுது எண்டு நினைச்சன். மகள் கோட்டு வழக்கெண்டு போனால் ஊர் முழுக்க விவாகரத்துக்காரி எண்டு சொல்லும். தாலி கட்டாத பிள்ளைக்கு என்னத்துக்கு அந்தப் பேர் எண்டு நினைச்சன், பிள்ளை.”

“அந்தப் பேர் இல்லாததாலைதானே, ஐயா, முந்தி வந்த சம்பந்தம் போனது?”

அவர் குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னால் ஏன் முதல் சொல்லேல்லை எண்டு கேப்பாள். ஒரு வருசம் போனாப் பிறகு சொல்லுறது கஷ்டம். அஞ்சு வருசம் போனாப் பிறகு ஏலாது.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “உந்த ஒரு பக்கத்தை எடுத்துவிடு, பிள்ளை. தீர்ப்புத்தானே வேணும். உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

அறுபத்தெட்டு வயது மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டபோது றஜனிக்கு நெஞ்சு உருகத்தான் செய்தது. ஆனாலும் எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்து இறக்கினாள்.

“நான் கழற்றமாட்டன், ஐயா. இண்டைக்கு உங்களுக்காக ஒரு பக்கத்தைக் கழற்றினால், நாளைக்கு என்ரை கையாலை கடதாசி வாங்கிற சனம் எதை நம்பி வாங்கும்? முந்தி உங்கடை வீட்டிலை எரிச்சது போதும்.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?”

“நாலு மணிக்கு அவ வாறா. நான் கோவையைக் குடுக்க முந்தி நீங்கள் உங்கடை வாயாலை சொல்லுங்கோ. கடதாசி சொல்லி அவ அறியிறதும், அப்பா சொல்லி அறியிறதும் ஒண்டில்லை. நான் வெளியிலை நிக்கிறன்.”

நாலு மணிக்குத் தர்சிகா வந்தாள். தகப்பனைக் கண்டு, “நீங்கள் எப்ப வந்தனீங்கள்?” என்றாள். றஜனி கோவையை மேசையில் மூடி வைத்துவிட்டு வெளியே போனாள். தெருவுக்கு மறுகரையில் பூவரச நிழலில் நின்று, கண்ணாடிக் கதவால் தெரிகிற இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கவில்லை. நமசிவாயம் குனிந்தபடி கதைத்தார். தர்சிகா நின்றபடியே கேட்டாள். பிறகு கோவையைத் திறந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் நின்றாள். மீன் சந்தைக்குப் போகிற லொறி ஒன்று நடுவால் போய் மறைத்தது. அது போன பிறகு பார்த்தால் தர்சிகா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள்.

றஜனிக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

“அக்கா, அந்தச் சம்பந்தம் குழம்பின அண்டைக்கு அப்பா சாப்பிடேல்லை. எனக்காகத்தான் கவலைப்படுறார் எண்டு நினைச்சு, நான் அழுதால் அவர் உடைஞ்சு போவார் எண்டு அழாமல் இருந்தனான். இத்தினை வருசமும் நான் அவரைப் பாத்துத்தான் அழாமல் இருந்தனான்.”

எல்லாக் கந்தோருக்கும் வழி தெரிந்தவளுக்கு இதற்கு வழி தெரியவில்லை. அவளுடைய தோளில் கை வைத்தாள். அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள், தெருவென்றும் பாராமல். றஜனியும் சேர்ந்து அழுதாள். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். பருத்தித்துறைக்கு இன்னொரு கதை கிடைத்திருக்கும், கிடைக்கட்டும்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. தர்சிகா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தன் பையிலிருந்து விவாக அறிவித்தல் படிவத்தை எடுத்தாள். நிருஷனின் பக்கம் நிரப்பியிருந்தது. அவளுடைய பக்கத்தில் பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதி ஒரு கூட்டை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். இந்தக் கடதாசி கையில் வந்த பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தது. அந்தப் படிவத்தைத் தகப்பனுக்கு முன்னால் வைத்து, றஜனியின் மேசையிலிருந்த பேனையை எடுத்து நீட்டினாள்.

“அப்பா, உந்தக் கூட்டை நீங்கள் எழுதுங்கோ.”

நமசிவாயம் மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு றஜனியைப் பார்த்தார். றஜனி கோவையைத் தீர்ப்புப் பக்கத்தில் விரித்து, அவருக்குத் தெரிகிற மாதிரித் தள்ளி வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டார். தன் பெயரை எழுதுகிற அதே ஆறுதலோடு, ஒவ்வோர் எழுத்தாக, விவாகரத்துப் பெற்றவர் என்று எழுதினார். எழுதி முடிக்க நேரம் எடுத்தது. எழுதிய பிறகு பேனையை வைக்கத் தெரியாதவர்போலக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

தர்சிகா படிவத்தை எடுத்து வாசித்துப் பார்த்துப் பையில் வைத்தாள். தகப்பனுடைய கையிலிருந்து பேனையை வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்து அவரிடம் கொடுத்தாள்.

“குடியுங்கோ. அஞ்சரை பஸ்ஸுக்குப் போகவேணும்.”

அவர் குடித்தார். பிறகு இரண்டு பேரும் ஒரு குடையின் கீழ் பஸ் நிலையப் பக்கம் நடந்தார்கள். அந்தப் பெண் தகப்பனை மன்னித்துவிட்டாளா என்று பிறகு செல்வநாயகம் கேட்டதற்கு, “அது என்ரை கொப்பியிலை இல்லை,” என்றாள் றஜனி. கதலிக்குலையிலிருந்து ஒரு சீப்பை வெட்டி அவரிடம் நீட்டிவிட்டு, அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னாள்.